கொக்கிக்கு ஊர் கேட்டவர்

எங்கள் மியூசியத்துக்குள் யார் நுழைந்தாலும், டிக்கெட் கிழிபடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "எந்த ஊரு?" பதில் வந்ததும் அடுத்தது தயாராக இருக்கும். "அது இருக்கற ஊரு. சொந்த ஊரு எது?" கேட்பவர் காக்கிச் சட்டை, காக்கிப் பேன்ட், கழுத்தில் ஏஜென்சி அட்டை சகிதம் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அக்கா. வந்தவர்களில் பாதிப் பேர் பயந்துபோய் ஆதார் கார்டை எடுத்து நீட்டுவார்கள். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஊர்ப் பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் அவர் மனசு அந்தக் கட்டடத்தின் ஆறு அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். ஏதாவது மாட்டியது என்றால் போச்சு, வந்தவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

என்னையும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனார். நான் பார்வையாளர் இல்லை, அன்றைக்குத்தான் வேலையில் சேர வந்த ஆராய்ச்சி உதவியாளர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கேள்வி வந்துவிட்டது. திருவொற்றியூர் என்றேன். சொந்த ஊர் என்றார். உடன்குடிப் பக்கம், அப்பா அங்கிருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்தவர் என்றேன். அக்காவின் கண் விரிந்ததே, அதை இப்போதும் மறக்க முடியவில்லை. என் நியமனக் கடிதத்தை வாங்கித் தன் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, மூன்றாவது அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

உள்ளே இரண்டு மரக்கட்டைகள் கிடந்தன. ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருந்தது. கீழே "தாளக் கருவி, கிடைத்த இடம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. நான் முதுகலை வரலாறு படித்தவள், தங்கப் பதக்கம் வேறு. தாளக் கருவிதான் என்று தலையாட்டினேன். அக்கா விடவில்லை. "உங்கப்பாவுக்கு போட்டோ அனுப்பும்மே" என்றார். கடையில் சீரகம் நிறுத்துக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. அது பனையேறிகள் பாளையை இடுக்கி நசுக்குகிற கடிப்பாம். அதை வைத்துப் பாட்டு வாசித்தால் பதநீர் வராது என்றார்.

அன்று சாயங்காலம் நான் எழுதிய முதல் லேபிள் அதுதான். எழுதி முடிக்கும்வரை அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார். "இப்ப அதுக்கு ஊரு வந்துச்சுல்ல" என்று ஒரு பெருமூச்சு விட்டார். பிறகுதான் பாக்கெட்டிலிருந்து நியமனக் கடிதத்தை எடுத்துத் தந்தார்.

எங்கள் மியூசியம் ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டிய பழைய செங்கல் கிடங்கு ஒன்றில் இருந்தது. வெளியே கன்டெய்னர் லாரி போனால் உள்ளே கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் ஒரு தரம் நடுங்கி அடங்கும். நாட்டின் நாலா மூலையிலிருந்தும் யார் யாரோ கொடுத்த, யார் யாரோ விட்டுப்போன சாமான்கள் அங்கே குவிந்திருந்தன. பாதிக்கு ஊர் கிடையாது. எங்கள் அதிகாரிக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. காலமும் உலோகமும் சரியாக இருந்தால் போதும் என்பார். அக்காவுக்கோ அது சொந்த அவமானம் மாதிரி. "ஊர் பேர் இல்லாம ஒர்த்தர நிக்க வெச்சிகினு வேடிக்க காட்டுவாங்களா" என்பார். அவர் குடும்பம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளில் குடியேறுவதற்கு முன் மூன்று இடங்களிலிருந்து கிளப்பிவிடப்பட்ட குடும்பம். ஒவ்வொரு தடவையும் முகவரிக்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள்.

அவர் கையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற கோடு போட்ட நோட்டு. பெட்டி எண், சந்தேகம், எந்த ஊர்க்காரரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எட்டு மணி நேர ஷிப்டில் உட்காரக் கூடாது என்பது ஏஜென்சியின் சட்டம். அதை அக்கா ஒரு சலுகையாகவே எடுத்துக்கொண்டார். அறை அறையாக நடப்பார். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் முழங்காலை மடக்கிக் குனிந்து, கழுத்தைத் திருப்பி, பொருளின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். "மூஞ்சப் பாக்காத, அடியப் பாரு. மூஞ்ச அல்லாரும் தொடச்சி வெச்சிருப்பான். அடில கைய வெச்சிருக்க மாட்டான்" என்பது அவர் எனக்குச் சொன்ன ஆராய்ச்சி முறை. நான் படித்த படிப்பில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்க வேண்டும். எண்ணூர், மணலிப் பக்கம் கட்டட வேலையும் கம்பெனி வேலையும் பார்க்கிற வடநாட்டுப் பையன்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். கடற்கரைக்குப் போகிற வழியில் நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள்தான். அக்காவுக்கு அவர்கள் நடமாடும் நூலகம். தெரிந்த பத்து இந்தி வார்த்தைகளை வைத்துக்கொண்டு, பாக்கியைக் கையாலும் புருவத்தாலும் பேசுவார். ஒரு முறை ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர், "பித்தளைக் கிண்ணம்" என்று எழுதியிருந்த பெட்டியின் முன்னால் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அது கிண்ணம் இல்லையாம், நெல் அளக்கிற மாணமாம். அதில் புது நெல்லை நிரப்பி லட்சுமியாக வைத்து வியாழக்கிழமைகளில் வீட்டுப் பெண்கள் கும்பிடுவார்களாம். அக்கா என் அறைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "ம்மே, நம்ம கிண்ணம் சாமியாம்மே" என்றார். இரண்டு பேரும் ஓடினோம். அந்த மனிதர் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டுதான் போனார்.

அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை கிடங்கில் இருந்த வழவழப்பான கருங்கல் ஒன்றைக் காட்டி, இது வலைக்குக் கட்டுகிற பழங்காலத்துக் கல், சத்தியம் என்று ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. காசிமேட்டில் நாலு பேரிடம் கேட்டுவிட்டும் வந்தார். நானும் நம்பி இரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். கடைசியில் பார்த்தால், அது முந்தைய அதிகாரி ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க மேஜைமேல் வைத்திருந்த கல். அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. "அந்தாளுக்கு அது எங்கேர்ந்து கெடச்சதுன்னு கேட்டியா?" என்றார்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா கொண்டுவந்திருந்த கருவாட்டுக் குழம்பை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். நைனா என்றுதான் சொல்வார். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதுவும் சாதாரணமாக இல்லை, கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளை இதே கட்டடத்தில், இப்போது நாங்கள் உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற இதே கிடங்கில் அடுக்கியவர். மகள் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தரம் வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறாராம். மூன்று வருஷமாக வரவில்லை.

"செத்த காலேஜுக்கு நான் இன்னாத்துக்கு வரணும்ன்றாரு. மியூசியத்த அவரு அப்டித்தான் சொல்வாரு. அந்தக் கொடோன்ல மூட்ட அடுக்குனவன் நானு, இப்ப டிக்கெட் வாங்கிகினு உள்ள வந்து ராஜா கத்திய வேடிக்க பாக்கணுமா? நம்முது எதுனா அங்க கீதா? கீதுன்னா சொல்லு, வர்றேன்றாரு."

சொல்லிவிட்டு அக்கா டப்பாவை மூடினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வருகிற ஒவ்வொருவரையும் ஊர் கேட்டு அவரவர் பொருளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற இந்த மனுஷி, தன் அப்பாவை நிறுத்துவதற்கு ஒரு பெட்டி தேடிக்கொண்டிருந்தார். அத்தனை அறைகளிலும் அது இல்லை.

நான் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். மியூசியத்தில் "நாடு நடந்த வழி" என்று ஒரு புதுக் கூடம் திறப்பதாக ஏற்பாடு. பூட்டிக் கிடந்த பின்பக்கக் கிடங்கிலிருந்து பெட்டிகளை இறக்கிப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கிற வேலை எனக்கு. அங்கேதான், ஜமீன் வீட்டுக் கத்திகள் கிடந்த ஒரு மரப்பெட்டியின் அடியில், அதைக் கண்டெடுத்தேன். ஒரு சாண் நீளத்தில் அழகாக வளைந்த இரும்பு. வளைவின் நுனி கூர்மை. மறுபக்கம் நேராக நீளும் தண்டு. தண்டின் முனைக்குக் கீழே பூ மாதிரி ஒரு வட்டம். பொருளில் எண் ஏதும் இல்லை. ஜமீன் வீட்டுப் பெட்டி, வளைந்த கொக்கி, நேரான முனை. யானை அங்குசம் அல்லாமல் வேறென்ன? மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டினேன். "பட்டத்து யானையின் அங்குசம், தாமரை வேலைப்பாடு கொண்டது" என்று லேபிள் எழுதினேன். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். கூடத்தின் நடுவில் சிவப்பு வெல்வெட்டில் அதை வைக்கச் சொன்னார். விளம்பரப் போஸ்டரிலும் அதுதான் படம். ஓரத்தில் என் பெயர்கூடச் சின்ன எழுத்தில் வந்தது. அப்பா அந்தப் போஸ்டரைக் கடையில் சீயக்காய்த்தூள் அடுக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

போஸ்டர் வந்த அன்று அக்கா வாசலில் ஒருவரையும் ஊர் கேட்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன். சாயங்காலம் கேட் மூடிய பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த போஸ்டர்.

"இது எங்க நைனா தோள்ல தொங்குனதும்மே" என்றார்.

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அக்கா, இது யானைக்கு, பாகன் கையில் இருப்பது, என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அடியப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஒன்றரை வருஷமாக அந்த மனுஷி ஓதிய ஒரே மந்திரம், என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று வந்ததும் எனக்கு மறந்துபோயிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. இரண்டு பேரும் புதுக் கூடத்துக்குப் போனோம். நான் கண்ணாடியைத் திறந்தேன். அக்கா தன் கைக்குட்டையால் அதைப் பிடித்து எடுத்து, தண்டின் முனையை விளக்குக்கு நேராகத் திருப்பினார். கூர்மை இல்லை. சுத்தியால் அடித்துத் தட்டையாக்கிய தலை. யானையைக் குத்துவதற்கு யாராவது முனையை மழுக்குவார்களா?

"இங்க மரக் கைப்புடி இருந்துச்சு. குறுக்கால. கம்பி அதுக்குள்ள போயி, இந்தாண்ட வந்து, வெளிய உருவிக்காம இருக்க தலய அட்ச்சி வுட்டுகீறான். மரம் உளுத்துப் போச்சி" என்றார். என்னுடைய தாமரையை விரல் நுனியால் தொட்டார். "இது வாஷரும்மே."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதைவிட அதிகமாக இன்னொன்று. உள்ளங்காலிலிருந்து கிளம்பி மேலே வருகிற ஒரு குதூகலம். ஒரு பொருள் வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். அக்காவுக்கும் அதேதான். இரண்டு பேரும் அந்தத் துருப்பிடித்த இரும்பை நடுவில் வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை மேலே இருந்த கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். காவல் ஊழியர் கையில் காட்சிப் பொருள் எப்படி வந்தது, பெட்டியைத் திறந்தது யார் என்று கேட்டார். என் ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. ஒரே ஒரு நொடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"நான்தான் சார் தொறக்கச் சொன்னேன்" என்றார் அக்கா.

அடுத்த நாள் வாசலில் வேறொரு பையன் நின்றான். அக்காவை ஏஜென்சி மணலியில் ஒரு சரக்குக் கிடங்கு கேட்டுக்கு மாற்றிவிட்டது என்றான். போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். வாசல் மேஜை இழுப்பறையில் அவருடைய நோட்டு மட்டும் கிடந்தது. திறப்பு விழாவுக்கு இன்னும் எட்டு நாள். நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் மேலே "நைனாவுக்கு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே ஒரு நீளப் பட்டியல். கயிறு, தராசு, கப்பல் மணி, சாக்கு ஊசி. ஒவ்வொன்றாக விசாரித்து, நைனாவுக்குச் சம்பந்தமில்லை என்று ஒவ்வொன்றாக அடித்திருந்தார். அடிக்காமல் இருந்தது கடைசி வரி ஒன்றுதான். கொக்கி.

நோட்டின் முதல் பக்கத்தில், பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது போலவே, வீட்டு முகவரி எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாசர்பாடிக்குப் போனேன். போர்டு வீடுகளின் முன்னால் ஒரே கூட்டம், தண்ணீர் லாரி வந்திருந்தது. பையன்கள் பந்து விளையாடுகிற மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிளாக் நம்பரைக் கண்டுபிடித்து, மூன்றாவது மாடி எது என்று அண்ணாந்து பார்த்தேன். மேலேயிருந்து ஒரு கயிறு இறங்கி வந்துகொண்டிருந்தது. சரியாக என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. கயிற்றின் முனையில் ஒரு மரக் கைப்பிடி. கைப்பிடியின் நடுவில் தட்டையாக அடித்த தலை, அதன் கீழே ஒரு வாஷர். அதற்குக் கீழே, அழகாக வளைந்து, கூர்மையாக, என் பட்டத்து யானையின் அங்குசம்.

யாரோ ஒரு பெண் ஒரு வாளித் தண்ணீரை அதில் மாட்டிவிட்டுப் போனார். வாளி ஆடி ஆடி மேலே போனது. நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன்.

நைனா வெள்ளை மீசையும் அகலமான தோளுமாக, வெறும் உடம்போடு கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் யார் என்று சொன்னேன். கொக்கியைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, செத்த காலேஜுக்கு இத்த கேட்டு வந்தியா? தர மாட்டேன். தண்ணி யாரு தூக்குவா?"

கேட்கவில்லை, அளந்துகொள்ளத்தான் வந்தேன் என்றேன். சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தார். அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். வாஷர் அதே அகலம், தண்டு அதே கனம், வளைவு அதே வளைவு. நான் கத்தியே விட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நைனாவுக்கும் என் பரபரப்பு தொற்றிக்கொண்டது. தலையணை ஒன்றைக் கொண்டுவந்து மூட்டையாக்கி எப்படி மாட்டுவது என்று செய்து காட்டினார். மூட்டைக்கு நாலு மூலையிலும் காது மாதிரி துருத்திக்கொண்டிருக்குமாம். அந்தக் காதில்தான் கொக்கியைக் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் சாக்கு கிழிந்து உள்ளே இருப்பது கொட்டிவிடும். வெளிநாட்டுக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலத்தில், நாள் முழுக்க அந்தக் காதுகளைத் தேடித் தேடித் தூக்கியிருக்கிறார். "நாடே கியூவுல நின்னு துன்ன கோதும, கண்ணு. இது மாட்டித்தான் கீய எறங்கிச்சி" என்றார்.

எட்டிப் பார்த்தவர்கள் உள்ளே போகும்வரை கயிற்றைச் சுருட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, சில நாள் வேண்டுமென்றே நடுவில் குத்துவேன் என்றார். கிடங்கு வாசலில் துடைப்பமும் முறமுமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொட்டியதைக் கூட்டி அள்ளிக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு. கொட்டினால்தானே கூட்ட முடியும். அந்தப் பெண்களில் ஒருத்தியைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார்.

"அத்த எயுதிடாத" என்றார். "மேஸ்திரி படிச்சா பேஜாரு."

மேஸ்திரி இருக்கிறாரா என்று கேட்டேன். அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது என்றார்.

கிளம்பும்போது படியருகே திரும்பி நின்றேன். அக்காவின் வேலை மாறியதற்கு நான்தான் காரணம், சாவி என்னுடையது, திறந்தது நான் என்று சொல்லிவிட்டேன். நைனா முகத்தில் கோபம் தெரியவில்லை. கயிற்றைத் திரும்பவும் கீழே விட ஆரம்பித்தார்.

"அத்த என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் சொன்னேன். அதிகாரியின் மேஜையில் எல்லாப் படங்களையும் பரப்பி வைத்து, முதலில் பெட்டியைத் திறந்தது நான் என்றேன், அடுத்து இது அங்குசம் இல்லை என்றேன். எது அவருக்குப் பெரிய அதிர்ச்சி என்று தெரியவில்லை. போஸ்டர் அடித்தாகிவிட்டது, திறந்துவைக்க வருகிறவர்களிடம் யானை என்று சொல்லியாகிவிட்டது என்றார். நான் லென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அடியைப் பாருங்கள் சார் என்றேன். நெடுநேரம் பார்த்தார். நல்ல மனிதர்தான், இரும்பு சொல்வதை அவரால் மறுக்க முடியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்படின்னா இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார். நான் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு பொருளுக்கு அவர் ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பழைய பதிவேடுகளை இறக்கினோம். இரண்டு நாள், தூசியும் தும்மலும். பொருள் வந்த வரிசையில் ஆரம்பத்திலேயே, கத்திகளுக்கெல்லாம் வெகு முன்னால், மங்கிய மசியில் அந்த வரி இருந்தது. கட்டடத்தைத் துப்புரவு செய்தபோது கிடைத்த இரும்புச் சாமான்கள், கொக்கி ஒன்று. அது எங்கேயிருந்தும் வரவில்லை. மியூசியம்தான் அது இருந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அதிகாரி அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, லேபிளை நீளமாக எழுதம்மா என்றார். என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். ஏஜென்சிக்கும் போன் செய்து அக்காவைத் திரும்ப அனுப்பச் சொன்னார். அந்த இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது. அக்கா கடைசிவரை எங்கள் வாசல் வேலைக்குத் திரும்பி வரவில்லை. மணலியில் நாற்காலி தருகிறார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார். அங்கேயும் லாரி டிரைவர்களை ஊர் கேட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

திறப்பு விழா அன்று பேச்செல்லாம் முடிந்து பெரியவர்கள் போன பிறகு, அக்கா வந்தார். காக்கி இல்லை, மாம்பழ மஞ்சளில் சேலை. அவரைச் சேலையில் அன்றுதான் பார்த்தேன். பின்னால் வெள்ளை வேட்டி சட்டையில் நைனா. வாசலைத் தாண்டும்போதே அக்காவுக்குக் கோபம். "அந்தப் பையன் எந்த ஊருன்னு ஒரு வார்த்த கேக்கல" என்றார். நைனா கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தார். ஒரு தூணைத் தட்டிப் பார்த்தார். வேலைப்பாடு செய்த சந்தனப் பெட்டிகளையோ கத்திகளையோ திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நடுவில் போய் நின்றார்.

லேபிளை அக்கா வாய்விட்டுப் படித்துக் காட்டினார். துறைமுகத் தொழிலாளர்கள், மூட்டையின் காது, கோதுமைக் கப்பல்கள், இதே கட்டடம். நைனா தலையைச் சாய்த்துக் கொக்கியைப் பார்த்தார். எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது.

"தலகீயா வெச்சிகினு கீறீங்க" என்றார்.

அங்குசமாக இருந்தபோது நிமிர்த்தி வைத்தது. பெயரை மாற்றிய நாங்கள் நிலையை மாற்றவில்லை. நான் அதிகாரியைப் பார்த்தேன். மேலே கேமராவைப் பார்த்தேன். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, எல்லார் முன்னிலையிலும், கண்ணாடியைத் திறந்தேன். அதிகாரி ஓர் அடி விலகி வழிவிட்டார். "தொடாதீர்கள்" என்று எழுதிய பலகையை நைனா ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். இல்லாத கைப்பிடியைச் சுற்றி அவர் விரல்கள் மூடிக்கொண்டன. கொக்கியை எடுத்தார், ஒரு தரம் தோளில் மாட்டிப் பார்த்தார், அது தானாகவே அங்கே உட்கார்ந்தது. பிறகு முனை பின்பக்கம் பார்க்க, தோளில் தொங்கியபோது இருந்த அதே நிலையில், வெல்வெட்டின்மேல் படுக்க வைத்தார்.

அக்கா முழங்காலை மடக்கிக் குனிந்து, கழுத்தைத் திருப்பி, அடிப்பக்கத்தை ஒரு தரம் சரிபார்த்தார். நிமிர்ந்தார். நான் திருப்பிக் கொடுத்திருந்த நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, தன் அப்பாவை வாசலில் வந்து நிற்கிற ஒரு பார்வையாளரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எந்த ஊரு?" என்று கேட்டார்.

நைனா மகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இந்த ஊருதாம்மே."

அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.